கால் கழுவிவிட்டு வரும் பென்டிரைவ்

ஒயர்களைத் துடைத்துச் சுருட்டுவது ஜாக்கிரதை அக்காவின் வேலை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முன்னறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிழிந்த ஈரத்துணியை இடது உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு அதற்குள் ஒயரை இழுப்பாள். மைதானத்துப் புழுதியெல்லாம் துணிக்கு வந்துவிடும். பிறகு ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று மாற்றி மாற்றிச் சுருட்டுவாள். அப்படிச் சுருட்டினால்தான் அடுத்த நிகழ்ச்சியில் விசிறி எறியும்போது முறுக்கில்லாமல் ஓடும். அவள் கணவர், மைக்செட்காரர், கொடிக்கயிற்றைச் சுற்றுவதுபோல முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அதைக் கீழ வைங்க. அந்த ஒயருக்கு வாயிருந்தா அழும்."

"சுத்தியாச்சுல்ல. எப்படிச் சுத்தினா என்ன?"

"எப்படிச் சுத்தினா என்னவா? போன வாரம் மேடைக்கு அடியில படுத்து முடிச்சு அவிழ்த்தது நானா நீங்களா?"

அவர் மரியாதையாக ஒயரை வைத்துவிட்டு ஸ்பீக்கர் ஸ்டாண்டைத் துடைக்கப் போனார்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒலி சம்பந்தமாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோவின் சத்தம் அதிகம் என்பது மட்டும்தான். கல்யாணமான புதிதில், மிக்ஸர் போர்டில் உட்காரும் ஆள் வேறு வேலை கிடைத்துச் சொல்லாமல் போய்விட, "இன்னைக்கு ஒரு நாள் சும்மா உக்காரு, எதையும் தொடாத" என்று கணவர் அழைத்துப் போனார். யாரோ பேச ஆரம்பித்ததும் மைக் கூவியது. கூட்டம் காதைப் பொத்தியது. தொடக் கூடாது என்று சொல்லப்பட்டவள் ஒரு திருகைத் தொட்டுக் கொஞ்சம் குறைத்தாள். கூவல் நின்றது. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. பெட்டி தூக்குவதும் வண்டி ஓட்டுவதும் அவர். போர்டும் லேப்டாப்பும் அவள்.

மேடையில் ஓடும் ஒயர் ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டுவாள். கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் மாற்று ஃப்யூஸ் வைத்திருப்பாள். அதனால் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் அவள் ஜாக்கிரதை அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"முடிஞ்சா எனக்கும் ஒரு மாத்து ஆள் வாங்கி வச்சிருப்பா" என்பார் கணவர்.

"விசாரிச்சேன். ஸ்டாக் இல்லையாம்" என்பாள் அவள்.

இந்தத் தொழிலில் பாட்டு எல்லாம் பென்டிரைவில்தான் வரும். ஆண்டு விழா, பரிசளிப்பு, பிரிவு உபசாரம் எதுவானாலும், ஆரம்பிக்கும் நேரத்தில் யாராவது ஓடி வந்து சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அவளும் வாங்கிச் சொருகிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நிறுவனத்தின் விழாவில், அங்கே பெரிய பதவியில் இருந்தவர் கையாலேயே கொடுத்த பென்டிரைவைச் சொருகினாள். வரவேற்புப் பாட்டு பாதியில் திக்கியது. லேப்டாப் திரையில் ஜன்னல்கள் தாமாகத் திறந்து மூடின. அப்புறம் ஒன்றுமே அசையவில்லை. வருஷக்கணக்காகச் சேர்த்த பாட்டுகள் பாதிக்குமேல் அதோடு போயின.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் அந்த லேப்டாப்பைத் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தபோது, வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கும் ஒரு வழி சொன்னார். அதில் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். பென்டிரைவில் ஏறி வருகிற வைரஸ் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சிஸ்டத்தில் எழுந்து நடக்கத் தெரியாது. அதற்கு இன்டர்நெட் கிடையாது. குடும்பத்தின் ஒரு போட்டோகூட அதில் கிடையாது. அதற்கு ஏதாவது ஆனாலும் அழ ஆளில்லை. மாடிப்படிக்குக் கீழே சின்ன மேசை போட்டு அதை வைத்தார்கள். பெயர், கிழவன்.

அன்றிலிருந்து, வெளியே போய்விட்டு வந்தவர்கள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதுபோல, எந்த பென்டிரைவும் விழாவுக்கு முன்பே வீட்டுக்கு வந்து, முதலில் கிழவனிடம் போக வேண்டும். அவள் அதில் இருக்கிற ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலையும், அதாவது புள்ளிக்குப் பின்னால் வருகிற எழுத்துகளை, பார்ப்பாள். பாட்டுக்குப் பாட்டின் வால்தான் இருக்க வேண்டும். பாட்டு என்று பெயர் வைத்துக்கொண்டு வேறு வாலோடு வந்தால், அது பாட்டே இல்லை. பாட்டுகளை மட்டும் பொறுக்கி, வாசற்படி தாண்டாத வீட்டு பென்டிரைவ் ஒன்றில் போடுவாள். அதை விழா லேப்டாப் இன்னொரு முறை சோதித்த பிறகுதான் திறப்பாள். எதைச் சொருகினாலும் தானாகத் திறக்காதபடி அந்த லேப்டாப்பையும் அடக்கி வைத்திருந்தாள்.

ஊரில் எல்லாரும் இதற்குப் பழகிவிட்டார்கள். பழகாதவள் ஒருத்திதான். அவள் நாத்தனார்.

நாத்தனார் நடன டீச்சர். பல வருஷம் அடுத்தவர்கள் வகுப்பில் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது சைக்கிள் கடை மாடியில் சொந்தமாக வகுப்பு ஆரம்பித்திருந்தாள். "சைக்கிள் கடை மாடியில டான்ஸா?" என்று பெற்றோர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சேர்த்தவர்களும் பிள்ளைகளை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பெரிய மண்டபம் எடுத்து, முதல் முறையாக முழு நிகழ்ச்சி ஒன்று வைத்திருந்தாள். அது நன்றாக நடந்தால் வகுப்பு நிற்கும். சொதப்பினால் மறுபடியும் அடுத்தவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில் அவள் வந்தாள். வந்த வேகத்திலேயே மேசைமேல் இருந்த விழா லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளைக்குக் குனிந்தாள்.

"அண்ணி, பாட்டு எல்லாம் இதுல இருக்கு. ஏத்திடுங்க."

அக்கா எட்டித் துளையை உள்ளங்கையால் மூடினாள். "இரு இரு. முதல்ல கிழவன்."

"கிழவனா? அண்ணி, இது புதுசு. இன்னைக்குக் காலைலதான் கவரையே கிழிச்சேன்."

"புதுசுன்னா என்ன? எல்லாருக்கும் ஒரே முறைதான்."

"எல்லாரும் நானும் ஒண்ணா?"

மைக்செட்காரர் துடைத்து முடித்த ஸ்டாண்டையே மறுபடியும் துடைத்தார்.

"என்னண்ணே, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"உங்க அண்ணி சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான்."

"ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்?" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

"பொறந்த வீட்டு வாசல்ல நிக்க வச்சுப் பையைச் சோதனை போடற மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார். "உங்க லேப்டாப்பை நீங்களே பத்திரமா வச்சுக்குங்க. நான் என் லேப்டாப்பையே கொண்டாரேன். அதுலேர்ந்தே பாட்டு போட்டுக்கறேன்."

"தாராளமா கொண்டா. ஒயர் நான் தரேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அது உண்மையிலேயே நல்ல வழி. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து போர்டுக்கு ஒரு ஒயர் போட்டால், அதில் சத்தம் மட்டும்தான் வரும். கிருமி வராது. அதை அவள் விளக்கியும் சொன்னாள். "ஒயர்ல பாட்டு மட்டும்தான் வரும். வேற எதுவும் ஏறாது." விளக்காமலே இருந்திருக்கலாம். நாத்தனார் படபடவென்று படியிறங்கிப் போனாள்.

ஒத்திகைக்கு மண்டபத்துக்கு வந்தபோது இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். "ஒயர்." "இந்தா." "சத்தம் போதுமா?" "போதும்." நாத்தனார் லேப்டாப்பை மேடையோரத்தில் வைத்து, ஒரு மைக்கையும் கையில் வாங்கிக்கொண்டாள். சைக்கிள் கடை மாடியில் தொண்டை கிழியக் கத்திப் பழகியவளுக்கு மைக் கிடைத்ததும் குஷி தாங்கவில்லை.

போர்டில் பதிவு செய்கிற வசதி உண்டு. ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் அக்கா பதிவுப் பொத்தானை அழுத்தினாள். நாத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும். லேப்டாப்பின் ஒயரை மட்டும் தனியாகப் பதிவதுதான் முறை. ஆனால் அந்த நேரம் பார்த்து மண்டப மேனேஜர் வந்து, ஸ்பீக்கரை வைத்தால் தரையில் கீறல் விழும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, போர்டுக்கு வருகிற எல்லாச் சத்தமும் ஒன்றாகப் பதிகிற பொத்தானை அழுத்திவிட்டாள். வீட்டில் போய் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தையும் போட்டுக் கேட்டாள். பாட்டு தெளிவாக இருந்தது. திருப்தியாக எடுத்து வைத்தாள்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் நாத்தனார், நிகழ்ச்சி நிரலை அச்சடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பாட்டுகள் இருந்த அதே பென்டிரைவில்தான் நிரலும் இருந்தது. அந்தக் கடையின் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து மாலைவரை ஊரில் இருக்கிற பென்டிரைவ்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். வீட்டில் ஒரு ஜாக்கிரதைதான் இருக்க வேண்டுமா என்று அவளுக்கும் ரோஷம் வந்தது. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று அங்கேயே மேலும் இரண்டு பென்டிரைவ் வாங்கி, அங்கேயே சொருகி, பாட்டுகளை அவற்றிலும் போட்டுக்கொண்டு, பெருமையாக வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் மாலை மண்டபம் நிரம்பியிருந்தது. அப்பாக்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அம்மாக்கள் அவர்களை "நேராப் பிடிங்க" என்று திருத்திக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பென்டிரைவைத் தன் லேப்டாப்பில் சொருகினாள். பாட்டுகள் இருந்த ஃபோல்டரின் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி தெரிந்தது. முன்பு அது இருந்ததா என்று யோசிக்க நேரமில்லை. அழுத்தினாள். ஃபோல்டர் திறந்தது, பாட்டுகள் இருந்தன. பிறகென்ன?

பறவை நடனம் முடிந்தது. மழை நடனமும் முடிந்தது. கைதட்டல் நன்றாகவே விழுந்தது. மூன்றாவதாக ரயில் நடனம். பிள்ளைகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்ற ஆரம்பித்த நேரத்தில் லேப்டாப்பின் விசிறி இரைந்தது. பாட்டு ஒரே இடத்தில் திக்கித் திக்கி நின்றது. திரையில் கேட்காத ஜன்னல்களெல்லாம் திறந்தன.

ரயில், நடுவழியில், இடுப்பைப் பிடித்த கையோடு நின்றது.

நாத்தனார் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு இரண்டாவதைச் சொருகினாள். மேலும் நாலு ஜன்னல் திறந்தது. மூன்றாவதைச் சொருகினாள். திரை அசையவே இல்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர், "மாடிலயே ஆடியிருக்கலாம்" என்றார். அவ்வளவு அமைதியில் அது எல்லார் காதிலும் விழுந்தது. நாத்தனார் நிமிர்ந்து போர்டுப் பக்கம் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை.

ஜாக்கிரதை அக்கா பிள்ளைகளைப் பார்த்து, முதலிலிருந்து என்று விரலைச் சுழற்றிக் காட்டினாள். ஒத்திகைப் பதிவைப் போட்டாள். பாட்டு கணீரென்று ஆரம்பித்தது. ரயில் கிளம்பியது. நாத்தனார் மேடையோரத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

அப்போது எல்லா ஸ்பீக்கரிலிருந்தும் அவள் குரல் வந்தது.

"ஏய் கொக்கு! என்னை ஏன் பாக்கற? ரயில்ல போறவ சன்னலைப் பாக்கணும்!"

மண்டபம் திடுக்கிட்டது. மேடையோரத்தில் நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பேசவில்லை. ஆனால் குரல் அவளுடையது.

"இன்ஜின் யாரு? இன்ஜினே தூங்கினா பின்னாடி வர்ற பெட்டியெல்லாம் என்னடா பண்ணும்?"

முதல் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது பின்வரிசைவரை ஓடியது. ஒத்திகையில் நாத்தனார் மைக்கில் கத்தியதெல்லாம் பாட்டோடு பதிந்திருக்கிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டையும் குரலையும் இனிப் பிரிக்க முடியாது.

"நிறுத்திடட்டுமா?" என்று கணவர் காதோரம் கேட்டார்.

"கையை எடுங்க. பசங்களைப் பாருங்க."

பிள்ளைகளுக்கு இந்தக் குரல் இல்லாமல் ஆடியே பழக்கமில்லை. புது மண்டபத்தின் வெளிச்சத்தில் விறைத்துப்போயிருந்தவர்கள், அதட்டல் கேட்டதும் வீட்டுக்கு வந்தது மாதிரி ஆகிவிட்டார்கள். பறவை நடனத்தில் கொக்காக ஆடியவள் கழுத்தை நீட்டிச் சன்னல் பார்த்தாள். இன்ஜின் நெஞ்சை நிமிர்த்தினான். வரிசையில் கடைசியாக இருந்த குட்டிப்பெண் மட்டும் கைவிட்டுப்போய் மேடை நடுவில் தனியாக நின்றாள்.

"கடைசிப் பெட்டி! நீயும் ரயில்தான் கண்ணு. ஓடி வா, ஓடி வா!"

அவள் ஓடினாள். ஒத்திகையிலும் அவள் அதே இடத்தில்தான் கைவிட்டிருக்கிறாள் போலிருக்கிறது. முன்னால் இருந்தவனின் சட்டையைப் பிடித்ததும் மண்டபமே எழுந்து தட்டியது.

மிச்ச நிகழ்ச்சி முழுவதும் அப்படியே நடந்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் அடுத்த அதட்டலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. தன் பிள்ளைக்குத் திட்டு விழுந்தால் அந்தக் குடும்பம் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டது. திட்டு விழாத குடும்பம் கொஞ்சம் வாடியது. கடைசிப் பாட்டின் நடுவில் குரல் தாழ்ந்து, ரகசியம் சொல்வதுபோல வந்தது.

"தோ பாருங்க, அங்க போர்டுல எங்க அண்ணி உக்காந்திருக்காங்க. அவங்க காதுக்கு ஒரு சின்னத் தப்பும் தப்பாது. என் மானத்தை வாங்கிடாதீங்க, செல்லங்களா!"

மொத்தக் கூட்டமும் திரும்பிப் போர்டைப் பார்த்தது. ஜாக்கிரதை அக்கா குனிந்து, அசையாத ஒரு திருகை ரொம்ப அக்கறையாகச் சரிசெய்தாள்.

முடிந்ததும் பெற்றோர்கள் போர்டை மொய்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அந்தத் திட்டோடு சேர்ந்த பாட்டு வேண்டுமாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பென்டிரைவ்; சாவிக்கொத்தில் தொங்கியது, பர்ஸிலிருந்து வந்தது, மூடி தொலைந்தது.

"எல்லாரும் பென்டிரைவை உள்ள வைங்க" என்றாள் அக்கா. "போன் நம்பர் குடுங்க, அனுப்பி வைக்கறேன். அதை மட்டும் நீட்டாதீங்க."

பின்வரிசையில் மாடியைப் பற்றிச் சொன்னவர் நாத்தனாரைத் தேடிப் போனார். "டீச்சர், எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. நாங்க சொன்னா கேக்கறதில்ல. அவளையும் சேர்த்துக்கிட்டுக் கொஞ்சம் திட்டுங்களேன்." அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். சைக்கிள் கடை மாடி போதுமா என்று நாத்தனார் கவலைப்பட வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் காலை அவள் வந்தாள். யாரும் சொல்லாமலே நேராக மாடிப்படிக்குக் கீழே போய், மூன்று பென்டிரைவையும் கிழவன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மைக்செட்காரர் மூவருக்கும் டீ கொண்டுவந்தார்.

"ஒருத்தர் ஃபார்மட் பண்ணிடச் சொன்னார். அழிச்சிடவா அண்ணி?"

"பொறு. முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்."

கிழவன் காட்டினான். அம்புக்குறி போட்ட ஃபோல்டர் வெறும் முகமூடி. அதை அழுத்தினால் கிருமியை எழுப்பிவிட்டு, சந்தேகம் வராமலிருக்க உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். உண்மையான ஃபோல்டரை அது மறைத்து வைத்திருந்தது. அழிக்கவில்லை. பாட்டுகள், பிள்ளைகளின் போட்டோக்கள், எல்லாம் உள்ளே இருந்தன. ஃபார்மட் செய்திருந்தால் முகமூடியோடு முகமும் போயிருக்கும். அக்கா வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு மூன்றையும் சுத்தமாக அழித்தாள்.

"அன்னைக்கு நீ கொண்டாந்தப்ப இது நல்லாத்தான் இருந்திருக்கும். அதுக்கப்புறம் எங்க போச்சு?"

நாத்தனார் யோசித்தாள். "ஜெராக்ஸ் கடை." பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உங்களை மாதிரி ஜாக்கிரதையா இருக்கணும்னு, இன்னும் ரெண்டை வாங்கி அங்கயே சொருகினேன் அண்ணி!"

"மூணு பிள்ளையையும் கொண்டுபோய் ஒரே சளிக்காரன் மடியில உக்கார வச்சிருக்க" என்று அவள் அண்ணன் சிரித்ததில் டீ சிந்தியது.

"புதுசா பழசான்னு பாக்காத" என்றாள் அக்கா. "கடைசியா எங்க போய்ட்டு வந்துச்சுன்னு பாரு. கடைக்குப் போறதுக்குன்னு ஒண்ணைத் தனியா வச்சுக்க. அதுல அன்னைக்கு அச்சடிக்க வேண்டிய பேப்பர் மட்டும் இருக்கட்டும். திரும்பி வந்தா நேரா இங்க. உன் லேப்டாப்பை ரிப்பேர்காரர்கிட்ட குடு. அதுவரைக்கும் அதுல எதையும் சொருகாத."

நாத்தனார் ஒரு பென்டிரைவை எடுத்து, நகப்பூச்சால் அதன்மேல் 'கடை' என்று எழுதி, ஊதி ஊதி உலர்த்தினாள். உலர்ந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"ம்."

"ஒத்திகைல எதுக்கு ரெகார்ட் போட்டீங்க? நான் எப்படியும் சொதப்புவேன்னா? இல்ல, நான் சொதப்பிடக் கூடாதுன்னா?"

ஜாக்கிரதை அக்கா மூன்று டம்ளரையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். மேசையில் சிந்தியிருந்த டீயைப் புறங்கையால் வழித்தாள். எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தமும், அதற்கு மேலாக அவள் குரலும் கேட்டன: "கைப்பையில ஃப்யூஸ் வச்சிருக்கேனே, விளக்கு அணையணும்னா வச்சிருக்கேன்?"